கீசரை மாற்றும் முன்

பெங்களூரில் மார்கழி, தை மாதங்களில் காலைக் குளிர் அதிகம். குழாயைத் திறந்தால் தண்ணீர் பனிக்கட்டி போல இருக்கும். குழந்தைகளும் முதியவர்களும் வெந்நீர் இல்லாமல் குளிக்க முடியாது.

முன்பு பல வீடுகளில் குளியலறையிலேயே அடுப்பு இருந்தது. அதன் மேல் பெரிய செம்பு அண்டா இருக்கும். கன்னடத்தில் அதை ஹண்டே என்பார்கள். விறகு வைத்து எரிப்பார்கள். இப்போது விறகும் இல்லை, இடமும் இல்லை. அல்சூர், மர்பி டவுன், ஸ்ரீராமபுரம் போன்ற பகுதிகளில் சிறிய வீடுகளில் கூட கீசர் வந்துவிட்டது.

கீசர் நல்ல வசதி. ஆனால் அதில் தண்ணீரும் மின்சாரமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ஈரமான உடம்போடு அதன் கீழே நிற்கிறோம். ஆகவே கீசர் பழுதாகும்போதும், புதிதாக மாற்றும்போதும் கவனம் வேண்டும். தப்பு நடந்தால் பணம் மட்டும் போகாது. உயிரும் போகலாம்.

கீசருக்குள் என்ன இருக்கிறது?

கீசர் என்பது ஒரு தொட்டிதான். சுடுநீரை வைக்கும் பிளாஸ்க் போன்றது.

உள்ளே இரும்பால் ஆன தொட்டி இருக்கும். துரு பிடிக்காமல் இருக்க அதன் உட்புறம் பூச்சு பூசியிருப்பார்கள். தொட்டியைச் சுற்றி பஞ்சு போன்ற நுரைப் பொருள் இருக்கும். இது சூட்டை வெளியே விடாது.

தொட்டிக்குள் வளைந்த ஒரு குழாய் இருக்கும். இதுதான் எலிமெண்ட். குழாயின் நடுவில் கம்பி ஓடுகிறது. கம்பியில் மின்சாரம் பாய்கிறது. கம்பிக்கும் குழாய்க்கும் இடையில் வெள்ளைப் பொடி அடைத்திருக்கும். பொடி சூட்டைக் கடத்தும். மின்சாரத்தைக் கடத்தாது. அதனால்தான் தண்ணீரில் மின்சாரம் வருவதில்லை.

அடுத்தது தெர்மோஸ்டாட். தண்ணீர் போதுமான அளவு சூடானதும் இது மின்சாரத்தை நிறுத்தும். ஆறினால் மறுபடி போடும். இது கெட்டுப்போனால் காப்பாற்ற இன்னொரு கருவி உண்டு. அதற்குக் கட்-அவுட் என்று பெயர்.

தொட்டிக்குள் மெக்னீசியத்தால் ஆன ஒரு தண்டும் இருக்கும். அதை ஆனோடு என்பார்கள். தண்ணீர் முதலில் இந்தத் தண்டை அரிக்கும். தண்டு கரையும் வரை தொட்டி தப்பிக்கும். தண்டு முழுவதும் கரைந்த பிறகு தொட்டி துருப்பிடிக்கும்.

வெளியே, குளிர்ந்த நீர் உள்ளே போகும் இடத்தில் ஒரு வால்வு இருக்கும். இது பாதுகாப்பு வால்வு. தண்ணீர் சூடானால் விரிவடையும். தொட்டிக்குள் அழுத்தம் கூடும். அப்போது இந்த வால்வு கொஞ்சம் தண்ணீரை வெளியே விடும்.

சிலர் இதைப் பார்த்து, "வால்வு ஒழுகுகிறது" என்று நினைக்கிறார்கள். குச்சியை வைத்து அடைக்கிறார்கள். துணியால் கட்டுகிறார்கள். இது மிகப் பெரிய ஆபத்து. அழுத்தம் வெளியேற வழி இல்லாவிட்டால் தொட்டி வெடிக்கலாம். பாதுகாப்பு வால்வை ஒருபோதும் அடைக்கக் கூடாது. எப்போதும் ஒழுகிக்கொண்டே இருந்தால் வால்வை மாற்ற வேண்டும்.

பழுது பார்த்தால் போதுமா? மாற்ற வேண்டுமா?

கீசர் வேலை செய்யவில்லை என்றதும் புதியது வாங்க ஓட வேண்டாம். முதலில் என்ன கோளாறு என்று பார்க்க வேண்டும்.

தண்ணீர் சூடாகவே இல்லை என்றால் எலிமெண்ட் போயிருக்கலாம். தெர்மோஸ்டாட் போயிருக்கலாம். இவற்றைத் தனியாக மாற்றலாம். புதிய கீசர் விலையை விட இது மிகக் குறைவு.

சூடாக வெகு நேரம் ஆகிறது, உள்ளே கடகட என்று சத்தம் வருகிறது என்றால் உப்புப் படிந்திருக்கலாம். போர்வெல் தண்ணீரில் உப்பு அதிகம். அது எலிமெண்ட் மேல் வெள்ளையாக, கல் போலப் படிகிறது. சூடு தண்ணீருக்குப் போகாது. எலிமெண்ட் அளவுக்கு மீறிச் சூடாகும். கடைசியில் குழாய் வெடித்து விரிசல் விடும். அப்போது மின்சாரம் தண்ணீரைத் தொடும். ஆகவே உப்பை அவ்வப்போது சுத்தம் செய்ய வேண்டும்.

தொட்டியே ஒழுகினால் என்ன செய்வது? அதற்குப் பழுது பார்ப்பது கிடையாது. எம்-சீல் வைத்து அடைத்தாலும் நிற்காது. சுடுதண்ணீர் மட்டும் செந்நிறமாக வந்தால் தொட்டிக்குள் துரு என்று பொருள். அடியில் இருந்து தண்ணீர் சொட்டினால், உள்ளே இருக்கும் ஒயரும் நனையும். இந்த நிலையில் கீசரை மாற்றியே ஆக வேண்டும்.

குழாயைத் தொட்டதும் 'சுர்' என்று இருக்கிறதா? உடனே மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். "லேசாகத்தானே அடிக்கிறது" என்று விடாதீர்கள். இன்று லேசாக அடிப்பது நாளை உயிரை எடுக்கும்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் இதை வீட்டுக்காரரிடம் உடனே சொல்ல வேண்டும். வாயால் சொல்வதோடு எழுதியும் கொடுக்கலாம். தேதி போட்டு, இரண்டு வரி எழுதினால் போதும். "கீசர் ஒழுகுகிறது. ஷாக் அடிக்கிறது. உடனே சரி செய்து தரவும்." நம் கையால் எழுதிய இரண்டு வரிக்கு மதிப்பு உண்டு.

எவ்வளவு பெரிய கீசர் வேண்டும்?

கீசரில் 3 லிட்டர், 6 லிட்டர், 10, 15, 25 லிட்டர் என்று பல அளவுகள் உண்டு. 3 லிட்டர் கீசர் சமையல் அறைக்குப் போதும். குளிப்பதற்கு 15 லிட்டர் அல்லது 25 லிட்டர் வாங்குவார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

15 லிட்டர் கீசர் இருக்கிறது. தண்ணீர் 60 டிகிரி வரை சூடாகிறது. இதை அப்படியே மேலே ஊற்ற முடியாது. தோல் வெந்துவிடும். குளிர்ந்த நீரைக் கலக்க வேண்டும். குழாய்த் தண்ணீர் 20 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். 15 லிட்டர் சுடுநீரோடு 15 லிட்டர் குளிர்ந்த நீரைக் கலந்தால் 40 டிகிரி வரும். குளிக்க இது போதும். ஆக, ஒரு முறை சூடாக்கினால் ஏறக்குறைய 30 லிட்டர் கிடைக்கும். அதாவது இரண்டு நடுத்தர வாளி.

வீட்டில் நான்கு பேர் என்றால் 15 லிட்டர் கீசரை இரண்டு முறை சூடாக்கலாம். எல்லோரும் ஒரே நேரத்தில் வேலைக்குப் போகும் வீடு என்றால் 25 லிட்டர் நல்லது.

கரண்டு எவ்வளவு ஆகும்? 15 லிட்டர் தண்ணீரை 20 டிகிரியில் இருந்து 60 டிகிரிக்குச் சூடாக்க சுமார் முக்கால் யூனிட் ஆகும். ஒரு நாளைக்கு இரண்டு முறை என்றால் ஒன்றரை யூனிட். 30 நாளைக்கு 45 யூனிட்.

கர்நாடகத்தில் 2023-ல் கிருக ஜோதி திட்டம் வந்தது. அந்தத் திட்டத்தின்படி மாதம் 200 யூனிட்டைத் தாண்டினால் முழுக் கட்டணமும் கட்ட வேண்டும். கீசரை மறந்துபோய் நாள் முழுவதும் விட்டுவைக்கும் வீடு இந்தக் கோட்டைத் தாண்டிவிடலாம். ஆகவே பில் வந்ததும் யூனிட் எவ்வளவு என்று படித்துப் பாருங்கள்.

கடையில் எதைப் படிக்க வேண்டும்?

கடைக்காரர் பேச்சை மட்டும் கேட்டு வாங்கக் கூடாது. பெட்டியின் மேலும் கீசரின் மேலும் எழுதியிருப்பதைப் படிக்க வேண்டும்.

ஒன்று: ஐ.எஸ்.ஐ. முத்திரை. முத்திரைக்கு மேலே 2082 என்ற எண் இருக்கும். இது தொட்டி உள்ள மின்சாரக் கீசருக்கான தர எண். முத்திரைக்குக் கீழே சி.எம்./எல். என்ற எழுத்துகளும் ஓர் எண்ணும் இருக்கும். அது அந்தக் கம்பெனிக்குக் கொடுத்த உரிம எண். பி.ஐ.எஸ். கேர் என்ற செல்போன் செயலியில் இந்த எண்ணைப் போட்டால் உண்மையா, போலியா என்று தெரியும்.

இரண்டு: நட்சத்திர அட்டை. 1 முதல் 5 வரை நட்சத்திரம் இருக்கும். 5 நட்சத்திரம் உள்ள கீசரில் சூடு வீணாவது குறைவு. கரண்டு மிச்சமாகும்.

மூன்று: வாட். 2000 வாட் என்றால் ஒரு மணி நேரம் ஓடினால் 2 யூனிட். 3000 வாட் என்றால் 3 யூனிட்.

நான்கு: அழுத்தம். இது பார் என்ற அளவில் எழுதியிருக்கும். பல மாடிக் கட்டடத்தில் தண்ணீர்த் தொட்டி மொட்டை மாடியில் இருக்கும். கீழ் வீட்டுக் குழாயில் அழுத்தம் அதிகம். 10 மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 1 பார். உங்கள் கட்டடம் எத்தனை மாடி என்று கடையில் சொல்லுங்கள்.

ஐந்து: வாரண்டி அட்டை. முழுக் கீசருக்கு எத்தனை வருடம், எலிமெண்டுக்கு எத்தனை வருடம், தொட்டிக்கு எத்தனை வருடம் என்று தனித்தனியாக எழுதியிருக்கும். கடை முத்திரையும் தேதியும் போட்டு வாங்குங்கள். பில் கேளுங்கள். பில் இல்லாமல் வாங்கினால் பின்னால் கேட்க வழி இல்லை. கடையோ கம்பெனியோ ஏமாற்றினால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம்.

எர்த் இல்லாமல் கீசர் வேண்டாம்

ஒரு வீட்டில் கீசர் மாட்ட எலக்ட்ரீஷியன் வந்தார். அந்த வீட்டு அம்மாவுக்கும் அவருக்கும் நடந்த பேச்சு இது.

"அக்கா, இங்கே ரெண்டு ஒயர்தான் இருக்கு. எர்த் ஒயர் இல்லை."

"பழைய கீசர் பத்து வருஷமா ஓடுச்சே, தம்பி?"

"ஓடும் அக்கா. எர்த் இல்லாட்டியும் தண்ணி சுடும். ஆனா எலிமெண்ட் வெடிச்ச அன்னிக்குத்தான் எர்த் எதுக்குன்னு தெரியும்."

"எர்த் என்ன செய்யும்?"

"கீசர் உடம்புல கரண்டு இறங்கினா, அது எர்த் ஒயர் வழியா மண்ணுக்குப் போயிடும். எர்த் இல்லாட்டி, குழாயைத் தொடுறவங்க உடம்பு வழியா மண்ணுக்குப் போகும்."

"அப்போ குழாயில ஒரு ஒயர் கட்டிவிடேன். எதிர் வீட்டுல அப்படித்தான் செஞ்சாங்க."

"அது வேண்டாம் அக்கா. இப்போ குழாய் எல்லாம் பிளாஸ்டிக். அதுல கரண்டு இறங்காது. எர்த் குழியில இருந்து ஒயர் இழுத்துட்டு வரணும். செலவு கொஞ்சம் ஆகும்."

"எவ்வளவு ஆனாலும் சரி தம்பி. அதை முதல்ல செய். கீசர் அப்புறம் மாட்டலாம். நாலு நாள் அடுப்புல தண்ணி வெச்சுக்கிறோம்."

அந்த அம்மா சொன்னதுதான் சரி.

பிளக்கில் மூன்று கால்கள் இருக்கும். பெரிய கால்தான் எர்த். அதை வெட்டக் கூடாது. கீசருக்கு 16 ஆம்பியர் பவர் பாயிண்ட் வேண்டும். விளக்கு, விசிறி போடும் சிறிய பிளக் தாங்காது. செம்பு ஒயர் 2.5 சதுர மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. மெல்லிய ஒயர் சூடாகி, உருகி, தீப்பிடிக்கும்.

எம்.சி.பி. என்ற சுவிட்ச் பல வீடுகளில் இருக்கிறது. அது ஒயரைக் காப்பாற்றும். மனிதரைக் காப்பாற்ற ஆர்.சி.சி.பி. என்ற இன்னொரு சுவிட்ச் வேண்டும். கரண்டு வழி தவறிப் போனால் கண் இமைக்கும் நேரத்தில் இது நிறுத்திவிடும். வாங்கும்போது 30 மில்லி ஆம்பியர் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். அதில் டி என்ற ஆங்கில எழுத்துப் போட்ட ஒரு பொத்தான் இருக்கும். மாதம் ஒரு முறை அதை அழுத்துங்கள். சுவிட்ச் கீழே விழ வேண்டும். விழாவிட்டால் அது கெட்டுவிட்டது.

மாற்றும் நாள்

கீசரை மாற்றும் வேலையை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனும் பிளம்பரும்தான் செய்ய வேண்டும். கம்பெனி ஆட்களும் வந்து மாட்டிக் கொடுப்பார்கள். நாம் பக்கத்தில் நின்று பார்க்கலாம். வேலை எந்த வரிசையில் நடக்க வேண்டும் என்று தெரிந்தால் கேள்வி கேட்கலாம்.

1. முதல் நாள் இரவே கீசரை நிறுத்திவிட வேண்டும். தண்ணீர் ஆறிவிடும்.

2. மெயின் சுவிட்சை நிறுத்த வேண்டும். பிளக்கைப் பிடுங்க வேண்டும். டெஸ்டர் வைத்துக் கரண்டு இல்லை என்று பார்க்க வேண்டும்.

3. கீசருக்குப் போகும் தண்ணீர் வால்வை மூட வேண்டும். சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து அழுத்தத்தை விட வேண்டும்.

4. இணைப்புக் குழாய்களைக் கழற்ற வேண்டும். கீழே வாளி வைக்க வேண்டும். உள்ளே இருக்கும் தண்ணீர் முழுவதும் வடிய வேண்டும். 15 லிட்டர் தண்ணீர் என்றால் 15 கிலோ எடை. நிறைந்த கீசரை இறக்கினால் கையோ காலோ போகும்.

5. இரண்டு பேர் பிடித்து இறக்க வேண்டும்.

6. பழைய ஆணியில் புதிய கீசரை மாட்டிவிடக் கூடாது. சுவர் ஊறிப் போயிருக்கலாம். உறுதியான இடத்தில் துளை போட்டு, புதிய போல்ட் போட வேண்டும்.

7. நீல நிறம் குளிர்ந்த நீர் உள்ளே போகும் வழி. சிவப்பு நிறம் சுடுநீர் வெளியே வரும் வழி. பாதுகாப்பு வால்வு நீலப் பக்கம் வர வேண்டும். வால்வில் அம்புக்குறி இருந்தால் அது கீசரைப் பார்த்து இருக்க வேண்டும்.

8. இணைப்புக் குழாய்கள் புதியதாக இருக்கட்டும். சுடுநீர் போகும் வழியில் சாதாரண பி.வி.சி. குழாய் கூடாது. சூட்டில் அது இளகிவிடும். சி.பி.வி.சி. குழாய் அல்லது இரும்புக் குழாய் வேண்டும்.

9. முதலில் தண்ணீர். பிறகுதான் கரண்டு. இதை மறக்கவே கூடாது. வால்வைத் திறந்து, சுடுநீர்க் குழாயையும் திறந்து வைக்க வேண்டும். காற்று வெளியேறி, தண்ணீர் சீராகக் கொட்ட வேண்டும். அப்போதுதான் தொட்டி நிறைந்தது என்று பொருள். வெறும் தொட்டியில் சுவிட்சைப் போட்டால் எலிமெண்ட் எரிந்துவிடும். வாங்கிய அன்றே கீசர் வீணாகும்.

10. எல்லா இணைப்பையும் துணியால் துடைத்து, ஒழுகுகிறதா என்று பார்க்க வேண்டும். ஒழுகாவிட்டால் சுவிட்சைப் போடலாம்.

தண்ணீர் சூடானதும் சிறிய விளக்கு அணையும் அல்லது நிறம் மாறும். அந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 2000 வாட், 15 லிட்டர் கீசர் என்றால் 20 முதல் 25 நிமிடம் ஆகும்.

பழைய கீசரைச் சும்மா கொடுத்துவிட வேண்டாம். சில கடைகளில் அதை எடுத்துக்கொண்டு புதியதில் விலை குறைப்பார்கள். இரும்பு, செம்பு எடை போட்டும் வாங்குவார்கள். முதலிலேயே விலை கேளுங்கள்.

மாற்றிய பிறகு

குளிக்கப் போகும் முன் சூடாக்குங்கள். சூடானதும் சுவிட்சை நிறுத்துங்கள். பிறகு குளிக்கச் செல்லுங்கள். நல்ல கீசரில் தண்ணீர் பல மணி நேரம் சூடாகவே இருக்கும். சுவிட்ச் குளியலறைக்கு வெளியே இருப்பது நல்லது. ஈரக் கையால் தொடக் கூடாது.

வாளியில் முதலில் குளிர்ந்த நீரைப் பிடியுங்கள். பிறகு சுடுநீரைக் கலக்குங்கள். குழந்தை கை விட்டாலும் வெந்துபோகாது.

வருடம் ஒரு முறை கீசரைத் திறந்து உப்பை எடுக்கச் சொல்லுங்கள். ஆனோடு தண்டு கரைந்திருந்தால் மாற்றுங்கள். கீசரின் விலையோடு பார்த்தால் தண்டின் விலை மிகச் சிறியது. தொட்டி நீண்ட நாள் உழைக்கும்.

கேஸ் கீசர் வாங்கலாமா?

சிலர் கரண்டு செலவுக்குப் பயந்து கேஸ் கீசர் வாங்குகிறார்கள். அதைக் குளியலறைக்குள் மாட்டக் கூடாது. கேஸ் எரியும்போது காற்றில் உள்ள பிராண வாயு குறைகிறது. மூடிய அறையில் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு உண்டாகிறது. அதற்கு நிறம் இல்லை. மணம் இல்லை. தலைவலி, மயக்கம், வாந்தி வரும். கதவைத் திறக்கும் முன்பே விழுந்துவிடுவார்கள். குளிக்கப் போனவர்கள் இப்படி இறந்திருக்கிறார்கள்.

கேஸ் கீசரைக் காற்றோட்டமான வெளியிடத்தில்தான் மாட்ட வேண்டும். உள்ளே சென்றவர் வெகு நேரம் வரவில்லை என்றால் கதவைத் தட்டுங்கள். பதில் இல்லை என்றால் கதவை உடைத்தாவது திறவுங்கள். கேஸை மூடி, அவரை வெளிக்காற்றுக்குக் கொண்டு வாருங்கள்.

ஷாக் அடித்தால்

ஒருவருக்குக் கரண்டு அடித்தால் ஓடிப்போய் அவரைத் தொடக் கூடாது. தொட்டால் நமக்கும் அடிக்கும். முதலில் மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். அது முடியாவிட்டால் உலர்ந்த தரையில் நின்று, உலர்ந்த மரக் கட்டையால் அவரைத் தள்ளி விடுங்கள். பிறகு 108 எண்ணுக்கு போன் செய்யுங்கள். மூச்சு இல்லை என்றால் மார்பின் நடுவில் இரண்டு கைகளையும் வைத்து அழுத்திக்கொண்டே இருங்கள். ஆம்புலன்ஸ் வரும் வரை நிறுத்தாதீர்கள்.

மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியுமா? இன்றே காட்டிக் கொடுங்கள். சிறு பிள்ளைகளுக்கும் காட்டுங்கள்.

பேசிப் பார்ப்போம்

1. பாதுகாப்பு வால்வை ஏன் அடைக்கக் கூடாது?
2. புதிய கீசரில் முதலில் விட வேண்டியது எது? கரண்டா, தண்ணீரா? ஏன்?
3. உங்கள் வீட்டுக் கீசரில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா? கீழே உள்ள எண்ணை எழுதுங்கள்.
4. உங்கள் வீட்டில் எர்த் இருக்கிறதா? யாரிடம் கேட்பீர்கள்?
5. கீசர் பழுது என்று வீட்டுக்காரருக்கு இரண்டு வரி எழுதுங்கள். தேதி போட மறக்காதீர்கள்.